மாவு டின்னோட அடி: ரொட்டி எப்போது நம்முடைய சாப்பாடானது?

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மாவு டின்னோட அடி தெரியக் கூடாது.

டின் என்றால் சின்ன டின் இல்லை. முன்பு கடைகளுக்கு பிஸ்கட் நிரப்பி வந்த பெரிய சதுர டின். அம்மாயி காலத்தது. மூடி இப்போது சரியாகப் பொருந்தாது. மேலே ஒரு தட்டும் அதற்கு மேலே ஒரு கல்லும் வைத்து மூடுவோம். அதற்குள்தான் கோதுமை மாவு. எத்தனை பேர் வந்திருந்தாலும், எவ்வளவு பசித்தாலும், ரொட்டிக்கு மாவு அள்ளும்போது கடைசி ஒரு கை மாவை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒருநாள் அவசரத்தில் நான் மொத்தத்தையும் வழித்து எடுத்துவிட்டேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, என் பாத்திரத்திலிருந்து ஒரு பிடி மாவைத் திரும்ப டின்னுக்குள் போட்டார்.

"எத்தன தடவ சொல்றது புள்ள ஒனக்கு? அடி தெரியக் கூடாது."

நான் இதை லட்சுமி சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காசு கொடுக்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகு உப்பு கடன் கொடுக்கக் கூடாது என்பது மாதிரி. அம்மாவிடம் இந்த மாதிரி வாக்குகள் நிறைய இருக்கின்றன, பாதி ரொட்டியைச் சுற்றித்தான் வரும். "கல்லு காயாம ரொட்டி போடாத" என்பார். காயாத கல்லில் போட்டால் ரொட்டி ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது பிய்ந்துவிடும். இதை அடுப்பங்கரையில் மட்டும் சொன்னால் பரவாயில்லை. உயர்தரப் பரீட்சைக்கு நான் அவசரப்பட்டபோதும் சொன்னார், அக்காவின் கல்யாணப் பேச்சு நடந்தபோதும் சொன்னார். ஆனால் அந்த வாக்குக்குக் காரணம் கேட்டால் விளக்குவார். டின் விஷயத்துக்குக் காரணம் கேட்டால் மட்டும் "அம்மாயிகிட்ட கேளு" என்று முடித்துவிடுவார்.

கேட்கப் பல வருஷம் ஆனது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

ரொட்டியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசிக்கிற எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள் இல்லை. மாவு, உப்பு, திருவின தேங்காய், தண்ணீர். அவ்வளவுதான். தேங்காய் எவ்வளவு என்பதை அன்றைய தேங்காய் விலை தீர்மானிக்கும். பிசைந்து உருண்டை பிடித்து, கையில் தண்ணீர் தொட்டுத் தட்டி, இரும்புக் கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் அங்கங்கே கறுப்புப் புள்ளி விழும்வரை சுடுவது. விரல் தடிப்பு இருக்கும். கூட வருவது கட்டைச் சம்பல்: காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, மாசி இருந்தால் மாசி, எல்லாம் அம்மியில் அரைத்துத் தேசிக்காய் பிழிந்தது. பக்கத்தில் சாயத்தண்ணி. கலஹா பக்கத்து மலையில், காலை ஐந்தரைக்கு, பனி இறங்கி நிற்கும்போது இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்கு ஈடாக எனக்கு எதுவும் தெரியாது. இதில் நான் நடுநிலையாளர் இல்லை.

2023இல் மலையகம் 200 நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, அந்தக் காலத்தில் நம்மவர்கள் நடந்து வந்த வழியில், ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நடைபயணம் போனார்கள். அந்த நாட்களில் முகநூல் முழுக்க ரொட்டியும் கட்டைச் சம்பலும் படம் படமாக வந்தன. "நமது பாரம்பரிய உணவு", "இருநூறு வருட ருசி" என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், நானும் பகிர்ந்தேன். ஆனால் வரலாறு படிக்கிற ஆளுக்கு ஒரு நோய் உண்டு. "இருநூறு வருடமா? நிஜமாவா?" என்று உள்ளுக்குள் ஒன்று அரிக்கத் தொடங்கியது.

முதலில் ஊரைப் பார்ப்போம். நம்முடைய கொள்ளுப்பாட்டன்மார் பெரும்பாலும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். வானம் பார்த்த பூமி. அங்கே ஏழைகள் சாப்பிட்டது கம்பு, சோளம், கேழ்வரகு. களியும் கூழும். நெல்லுச்சோறு நல்ல நாளுக்கு. கோதுமை அந்தச் சீமையில் விளையவும் இல்லை, ஏழை வீட்டு அடுப்பில் வேகவும் இல்லை. ஆக ரொட்டி கப்பலில் வந்த சாமான் இல்லை.

சரி, இங்கே வந்த பிறகு? 1820களில் கம்பளைப் பக்கம் பெரிய அளவில் கோப்பி பயிரிடத் தொடங்கினார்கள், பிறகு கண்டியைச் சுற்றிய மலை முழுவதும் கோப்பியானது. கோப்பிக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டாம், பழம் பறிக்கிற காலத்துக்குத்தான் வேண்டும். வந்து பறித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய கூட்டம் அது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது அரிசி. கண்டிச் சீமையின் வயல்களில் விளைந்தது இத்தனை ஆயிரம் பேருக்குப் போதாது என்பதால், அரிசி கடல் கடந்து கொழும்புக்கு வந்து, மாட்டு வண்டியில் மலையேறியது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்த பிறகு, கீழே இறங்கிய ரயிலில் கோப்பி போனது, மேலே ஏறிய ரயிலில் அரிசி வந்தது. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பேராதனை வளாகத்தின் நடுவே போகும் கலஹா வீதியில் பஸ் ஏறினால் அந்தப் பக்கம்தான் கொண்டுபோய் விடும். நான் வீட்டுக்குப் போகும் பாதையும் அதுதான். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. கோப்பி செத்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்தெடுக்க வேண்டும், ஆகவே வந்தவர்கள் லயத்தில் தங்கிவிட்டார்கள்.

இந்தக் காலம் முழுக்க தோட்டத்துச் சாப்பாட்டின் நடுவில் இருந்தது அரிசி. அதுவும் சும்மா வந்த அரிசி இல்லை. தோட்டம் அரிசியைக் கொடுக்கும், அதன் விலையைச் சம்பளத்தில் பிடிக்கும். கங்காணியின் கடன் கணக்கு ஒரு பக்கம், அரிசிக் கணக்கு இன்னொரு பக்கம். மாசக் கடைசியில் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானித்தன. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது, சம்பளத்தோடு சேர்த்து அரிசியின் விலையும் பேசப்பட்டது. அவ்வளவு தூரத்துக்கு அரிசியும் சம்பளமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. கோதுமை மாவு நாட்டில் இல்லாமல் இல்லை. பாண் என்ற சொல்லே போர்த்துக்கீசரோடு வந்தது, டவுன்களில் பேக்கரிகள் இருந்தன. ஆனால் அது டவுன் சாமான்.

மாற்றம் வந்தது ஒரு யுத்தத்தால். நம்மோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத யுத்தம் என்று நினைப்போம், ஆனால் நம் வயிற்றுக்குள்ளேயே நடந்திருக்கிறது. அப்போது இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது, அதிலும் முக்கியமாக பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி நின்றது. அந்த வருஷமே இங்கே அரிசியை அளந்து கொடுக்கும் பங்கீட்டு முறை வந்தது, குறைந்த அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மாவு வந்தது. கூப்பன் என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்ததும் இப்படித்தான்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். மாவு கையில் வந்துவிட்டது. ஆனால் லயத்தில் பேக்கரி இல்லை, அவன் இல்லை. மூன்று கல் வைத்த விறகு அடுப்பும், தோசைக் கல்லும், களி கிண்டித் தழும்பேறிய கைகளும்தான் இருந்தன. கம்பு மாவையும் கேழ்வரகு மாவையும் தட்டிப் பழகிய கை, தெரியாத இந்த வெள்ளை மாவையும் அதே மாதிரி தட்டியிருக்கும். சிங்களக் கிராமங்களில் குரக்கன் மாவிலும் அரிசி மாவிலும் தேங்காய் போட்டு ரொட்டி தட்டுகிற வழக்கம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் இதில் சேர்ந்திருக்கும். இது என் ஊகம், இன்ன லயத்தில் இன்ன அம்மா முதல் ரொட்டியைத் தட்டினார் என்று எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை. துரைமார் டயரிகளில் கொழுந்தின் எடை இருக்கும், மழையின் அளவு இருக்கும். அடுப்பு இருக்காது.

ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் 2001இல் திறந்தார்கள். இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லருடைய பொருட்களும் அங்கே இருக்கின்றன. கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் லயத்தையே அருங்காட்சியகமாக்கி, தொழிலாளிகள் புழங்கிய சாமான்களை வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள். ஒரே தேயிலையின் இரண்டு வரலாறு.

யுத்தம் முடிந்தது, மாவு போகவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது, அந்தக் கதை இந்தத் தளத்தில் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. 1953இல் கூப்பன் அரிசியின் விலையை ஒரே அடியாக 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது நாடே எழுந்தது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால், அமைச்சரவை கப்பலில் கூடியது, பிரதமர் டட்லி சேனநாயக்க பிறகு பதவி விலகினார். அரிசி விலை அரசாங்கத்தைக் கவிழ்க்கும் என்று எல்லாக் கட்சியும் அன்றைக்குக் கற்றுக்கொண்டது. அரிசியில் கை வைக்கப் பயம், மாவில் கை வைக்க அவ்வளவு பயமில்லை. அமெரிக்காவும் தன்னிடம் மிஞ்சிய கோதுமையை 1954இல் போட்ட ஒரு சட்டத்தின் கீழ் ஏழை நாடுகளுக்குச் சலுகையில் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மாவு இங்கேயும் வந்தது. 1966 கடைசியில், மறுபடி பிரதமராகியிருந்த அதே டட்லி, அரிசிப் பங்கை இலவசமாக்கினார், ஆனால் அளவைப் பாதியாக்கினார். இலவசம் என்ற சொல் பெரிதாகவும் பாதி என்ற சொல் சின்னதாகவும் கேட்டிருக்கும். பாதி அரிசி போன இடத்தில் எது வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நடுவில் 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்களைப் பிரித்தார்கள். அம்மாயியின் அண்ணன் குடும்பம் அப்படிப் போனதுதான், தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் நீலகிரியில் வேலை கிடைத்தது. அவர்கள் வீட்டில் இன்றைக்கும் தேங்காய் ரொட்டி சுடுகிறார்களாம். அக்கம்பக்கத்தில் அதற்குப் பெயர் "சிலோன்காரங்க ரொட்டி". இங்கே நம்மை இந்தியாக்காரர் என்று சொன்ன காலத்தில், நம்முடைய ரொட்டி அங்கே சிலோனுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. இதை முதல்முறை கேட்டபோது சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

இனி டின்னுக்கு வருகிறேன்.

போன ஏப்ரல் லீவில் அம்மாயியிடம் கேட்டேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "மாவு டின்னோட அடி ஏன் அம்மாயி தெரியக் கூடாது?" அவர் கீரையை நிறுத்தவில்லை. "அது பஞ்சத்துல வந்த பழக்கம் தாயி" என்றார்.

பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வது 1973, 74ஐ. அம்மா பிறக்காத காலம். உலகம் முழுக்க எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின, நாட்டில் டொலர் இல்லை. கூப்பனில் அரிசி, மாவு, சீனி எல்லாம் குறைந்தது, விலை ஏறியது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டு போகக் கட்டுப்பாடு, பொலிஸ் சோதனை. மரவள்ளி நடுங்கள், வத்தாளை நடுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. கிராமத்தில் இருந்தவர்கள் கஷ்டப்பட்டார்கள்தான், ஆனால் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு பலா மரம், நாலு மரவள்ளி இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்குக் காம்பரா வாசலுக்கு அப்பால் இருந்த ஒவ்வொரு அங்குலமும் தோட்டத்துக்குச் சொந்தம். தேயிலையைத் தின்ன முடியாது. அதே நேரம் 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து, தனியாரிடம் ஐம்பது ஏக்கருக்கு மேல் இருந்த காணியை அரசு எடுத்துக்கொண்டிருந்தது. கண்டி மாவட்டத்தில் அப்படிப்பட்ட தோட்டங்கள் நிறைய. கைமாறப்போகிற தோட்டத்தைக் கவனிக்க யாருக்கும் அக்கறை இல்லை. வேலை நாட்கள் குறைந்தன, சில இடங்களில் ஆட்களே துரத்தப்பட்டார்கள். காணி பகிர்ந்து கொடுத்தபோது, பிரஜாவுரிமை இல்லாத தொழிலாளிக்கு அதில் பங்கு இல்லை. கம்பளை, நாவலப்பிட்டி, அட்டன் வீதிகளில் தோட்டத்து ஆட்கள் பிச்சைக்கு நின்றார்கள். 1974இல் தோட்டப்புறத்தில் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகளின் விகிதம், நாட்டின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேலே போனது.

இந்தக் கடைசி வரியை நான் பாடப்புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். குறிப்பெடுத்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அம்மாயி சொன்னது இது. அப்போது அவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியம்மாவுக்கு நாலு வயது, அடுத்து ஒரு ஆண்பிள்ளை, பத்து மாசம். வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கூப்பன் மாவுக்கு விடியற்காலையிலேயே சங்கக்கடை வாசலில் வரிசை. கிடைத்த மாவை ரொட்டி சுட்டால் இரண்டு நாளில் தீரும் என்பதால் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, உப்புப் போட்டுக் குடித்திருக்கிறார்கள். ஓடைக்கரையில் கிடைத்த கீரை எல்லாம் போயிருக்கிறது. பையனுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. இரண்டாம் நாள் ராத்திரி அழுகை நின்று, சும்மா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். கொஞ்சம் மாக்கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம் என்று அம்மாயி எழுந்து டின்னைத் திறந்திருக்கிறார்.

"டின்னுக்குள்ள வெளக்கப் புடிச்சுப் பாத்தேன். அடிதான் தெரிஞ்சுச்சு. தட்டிப் பாத்தேன், ஒண்ணுமில்ல. லயத்துல எல்லா வூட்டுலயும் அதே கததான், யார எழுப்புறது? ஒரு கை மாவு இருந்திருந்தா அன்னைக்குக் கஞ்சி வச்சிருப்பேன்."

பையன் மறுநாள் போய்விட்டான். கஞ்சி கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று நான் கேட்கவில்லை. அம்மாயியும் அப்படிச் சொல்லவில்லை. கஞ்சி வச்சிருப்பேன் என்று மட்டும்தான் சொன்னார். என்ன காரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "காச்ச" என்றார்.

பஞ்சம் தீர்ந்து முதல் மாவு வாங்கிய நாளிலிருந்து ஒரு கை மாவு டின்னை விட்டு வெளியே வந்ததில்லை. அம்மாவுக்கு அந்தச் சட்டம் மட்டும்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டது, கதை சொல்லப்படவில்லை. பெரியம்மா சொல்லித்தான் அம்மாவுக்குக் கதை தெரியுமாம், பெரிய பிள்ளையான பிறகு. எனக்கும் அதே வரிசையில்தான் வந்தது: முதலில் சட்டம், பல வருஷம் கழித்துக் கதை. வாய்மொழி வரலாறு என்று வகுப்பில் படிக்கும்போது நீளமாகக் கதை சொல்லும் முதியவர்கள்தான் மனதில் வந்தார்கள். நாலு சொல்லில் அடுப்பங்கரையில் திட்டு வாங்குவதும் அதில் சேரும் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது விறுவிறுவென்று நடந்தது. 1977இல் ஆட்சி மாறியது, சந்தை திறந்தது. சிங்கப்பூர் பிரிமா கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, 1980இல் திருகோணமலையில் பெரிய மாவு ஆலை ஓடத் தொடங்கியது. கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. மாவு இனி பஞ்சத்துச் சாமான் இல்லை, எல்லாக் கடையிலும் மூட்டையாக நின்றது. சம்பளத்தோடு தோட்டமே மாவு கொடுத்து அதைச் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கமும் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன் அரிசிக்கு நடந்த அதே கணக்கு.

டவுனில் இருந்தவர்கள் பாணோடு நிறுத்திக்கொண்டார்கள். நாம் ஏன் மூன்று நேரமும் ரொட்டிக்கு வந்தோம்? ருசி என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒரு கொழுந்துக்காரியின் காலையைப் பாருங்கள். அம்மா நாலரைக்கு எழும்புவார். ஆறரைக்குள் பெரட்டுக்கு நிற்க வேண்டும். சோறும் கறியும் என்றால் இரண்டு அடுப்பு, நிறைய விறகு, ஒரு மணி நேரத்துக்கு மேல். ரொட்டிக்கு ஒரு கல் போதும், அரை மணி நேரத்தில் எட்டு ரொட்டி. மலைக்குக் கொண்டு போகத் தட்டு வேண்டாம், துணியில் சுற்றினால் போதும். பத்து மணிக்குக் கொழுந்துப் பால் பட்டுக் கறுத்த கையோடு, நின்றபடியே பிய்த்துச் சாப்பிடலாம். ஊசிப்போகாது. அதைவிட முக்கியம், வயிற்றில் நிற்கும். சோறு சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கும், மலையில் அது கட்டாது. தோட்டத்து நேர அட்டவணைக்குள் பொருந்திய ஒரே சாப்பாடு இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அம்மா எங்களுக்கு வைத்துவிட்டுத் தனக்கு எப்போதும் கடைசியாகக் கல்லில் கிடந்த கருகினதை எடுப்பார். அதுதான் பிடிக்கும் என்று சொல்வார். அதை நம்பியிருந்தேன்.

இதனால்தான் "ரொட்டி நமது பெருமை" என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம். 2016இல் நாடு முழுவதும் எடுத்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் தோட்டப்புறப் பிள்ளைகளில் சுமார் 32 வீதம் பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். நாட்டின் சராசரி 17 வீதம். மாவும் உப்பும் கொஞ்சம் தேங்காயும் ஒரு பிள்ளையை வளர்த்துவிடாது. மறுபக்கம், விடுதியில் ஒரு தோழி "நீங்க எல்லாம் ரொட்டிதானே சாப்பிடுவீங்க" என்று விளையாட்டாகச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை வீட்டிலிருந்து லஞ்ச் ஷீட்டில் பத்து ரொட்டியும் ஒரு போத்தல் சம்பலும் கொண்டுவந்தேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது, அந்தத் தோழிதான் அதிகம் சாப்பிட்டாள். பெருமையா, வெட்கமா என்றால் இரண்டும் இல்லை. அம்மாயி கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார், நன்றாகச் செய்தார். கையில் அது மட்டும்தான் கிடைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் வேறு ஆட்கள். முதலாவதைக் கொண்டாடுகிற சந்தோஷத்தில் இரண்டாவதை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் பயம்.

2022ஐ நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பெட்ரோல் வரிசை, கேஸ் வரிசை, கோட்டா கோ கம. எங்கள் வீட்டில் விறகு அடுப்பு, கேஸ் பிரச்சினை இல்லை. எங்கள் பிரச்சினை மாவு. 2021 தொடக்கத்தில் கிலோ நூறு ரூபாவுக்குக் குறைவாக வாங்கியது, உக்ரைன் யுத்தம், டொலர் தட்டுப்பாடு, இந்தியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது எல்லாம் சேர்ந்து 2022 ஆகஸ்ட், செப்டெம்பரில் சில கடைகளில் 400 ரூபா அளவுக்குப் போனது. எவ்வளவோ போராடி 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் வந்திருந்தது, அதுவும் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால்தான், இல்லாவிட்டால் அரைப்பேர். ஆயிரம் ரூபாவுக்குப் பத்துக் கிலோ மாவு என்றிருந்தது, இரண்டரைக் கிலோவானது. கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. 1942இல் ரங்கூன் விழுந்ததற்கு நாம் சாப்பாட்டை மாற்றினோம், எண்பது வருஷம் கழித்து கருங்கடலில் கப்பல் நின்றதற்கு மறுபடியும் நம் அடுப்புதான் அணைந்தது.

அந்த செப்டெம்பரில் டின்னில் அந்த ஒரு கை மாவு மட்டும் மிஞ்சியது. அதற்கான காரணம் அப்போது எனக்குத் தெரியாது, "இதையும் சுட்டுடலாமே, ரெண்டு ரொட்டி வரும்" என்று சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மரவள்ளிக்கிழங்கு வாங்கி வந்தார், அடுத்த நாள் பலாக்கொட்டை, அடுத்த நாள் அப்பாவின் கூட்டாளி ஒருவர் கொடுத்த பூசணிக்காய். தேங்காயும் சம்பலும் எல்லாத்துக்கும் கூடவே வந்தன. ராத்திரி சிலநேரம் அம்மாயி எழுந்து போய் டின்னைத் திறந்து பார்ப்பது கேட்கும். தட்டு நகரும் சத்தம், கல்லை எடுத்து வைக்கும் சத்தம். ஏதோ எலி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

நாலு வாரம் கழித்து மாவு கிடைத்தது. டின்னைத் திறந்து பார்த்தபோது, பழைய ஒரு கை மாவில் வண்டு விழுந்திருந்தது. கொட்டிவிடலாம் என்று நான் எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து வாங்கி, முற்றத்தில் போய் உட்கார்ந்து, வெயிலில் வைத்து, இரண்டு தரம் சலித்தார். பிறகு அதை முதலில் போட்டு, புது மாவை அதன் மேலே கொட்டினார்.